கோபாலபுரம் எடைமேடை

இளநீர் லாரி இடப்பக்கம் சாய்ந்தபடி மேடையில் ஏறுகிறது.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நிற்கின்றன:
பதினாறாயிரத்து நானூற்று இருபது.
சீட்டு கிழித்துக் கொடுக்கிறேன்.
மேடை மொத்தத்தைத்தான் சொல்லும்,
எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லாது.

மூன்று வருசத்துக்கு முந்தி
இரண்டு ஏலச்சீட்டை ஒரே மாசத்தில் தள்ளி எடுத்துத்
திருச்சூர் போனேன்.
கோயமுத்தூர் கிட்டத்தில்தான்.
ஆனால் அங்கே எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும்
சொந்தக்காரர் ஒருத்தர் ஆப்பிள் பையோடு உட்கார்ந்திருப்பார்.

யாருக்காகச் செய்கிறீர்கள் என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
எனக்காக என்று எழுதினேன். பாதி நிஜம்.
மீதி ஒரு மஞ்சள் ரவிக்கை,
கல்யாணத்துக்குத் தைத்தது,
பஞ்சு வைத்துத்தான் அதைப் போட்டுக்கொண்டேன்.
மணவறைப் புகையில் வேர்த்து
பஞ்சு ஒருபக்கம் நழுவியது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வருசம் நன்றாகவே இருந்தது.
வெட்கப்படாமல் சொல்கிறேன், மிக நன்றாக இருந்தது.
குனிந்து செருப்பு மாட்டும்போதுகூட
யாரோ கூட இருப்பது மாதிரி.

பிறகு இடது இறுகியது.
கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி
தோளிடம் ஏதோ புகார் சொல்லப் போவதுபோல் நின்றது.
வலது, வைத்த இடத்தில் சாதுவாக.
தையல்கடை ஹபீபா ஒன்றும் கேட்கவில்லை.
அளவு நாடாவை இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள்,
ஒருபக்கம் மட்டும் ஒரு மடிப்புக் கூட்டித் தைத்தாள்,
கூலியில் கூட்டவில்லை.

நாட்ராயன் நல்ல மனுசன்.
"ராத்திரியில ஒண்ணும் தெரியறதில்ல புள்ள" என்றான்.
நான் பகலிலும் இருக்கிறேன்
என்று அவனிடம் சொல்லவில்லை.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து
எட்டு மாசம் ஆயிற்று என்பதையும்.

டாக்டர் பிரஸீதா பேனாவால் படம் வரைந்தாள்.
புதிதாக ஒன்று உள்ளே வந்தால்
உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டுமாம்,
எல்லாருக்கும் கட்டுமாம்,
சிலருக்கு மட்டும் வேலி நெருக்குமாம்.
இருக்காதா பின்னே.
செக்போஸ்டுக்கு நூறடியில் வேலை பார்க்கிற உடம்பு,
அதுவும் ஒரு செக்போஸ்ட் போட்டுவிட்டது.

அப்படியே விடலாம். எடுத்துவிடலாம். மாற்றலாம்.
"மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்றணும்,
அப்போதான் ஒரே மாதிரி வரும்."
ஒன்றே முக்கால் லட்சம்.
மகளின் ஹாஸ்டல் பணம் ஜூனில்.
எடுத்துவிட்டால் தோல் தொங்கும் என்றாள், ஒளிக்காமல்.
விட்டால்?
தோளைத் தூக்கி இறக்கினாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன்,
இடது கையைத் தூக்கி, வலதைத் தூக்கி,
மூச்சை இழுத்துப் பிடித்து, விட்டு.
ஒரு வருசம் இதே வேலை.

நேற்று மறுபடி போனேன்.
நர்ஸ் லிஜி காகிதத்தை நீட்டி
"சேச்சி, இவிடெ ஒப்பிடணம்" என்றாள்.
அவள் பாஷையில் அது கையெழுத்து.
என் பாஷையில் நான் தினம் செய்வது.
சிரிப்பு வந்துவிட்டது. தையல் ஞாபகம் வந்து
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
பேனா வாங்கி, இரண்டும் என்பதை அடித்து
இடது மட்டும் என்று எழுதினேன்.

டாக்டரைக் கூப்பிட்டார்கள்.
"ஒரே மாதிரி வராதே" என்றாள்.
வர வேண்டாம், வலி போனால் போதும் என்றேன்.
கதவு வரை போய்த் திரும்பினேன்.
"இருந்தாலும், முடிந்தவரை
கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள்."

முதலாளியிடம் கர்ப்பப்பை என்று சொல்லியிருக்கிறேன்.
அதற்கு மேல் அவர் கேட்கமாட்டார்.
பதினைந்து நாள் லீவு.
கனமாக எதையும் தூக்கக்கூடாதாம்.
நான் எங்கே தூக்கினேன்,
ஏறி நிற்பதை எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.
மரச்சீனி வண்டி ஒன்று ஹாரன் அடிக்கிறது.
வரட்டும்.